சேலத்துல வீடு வாங்க அலையுறவங்க என்கிட்ட கேட்ட கேள்விகள்

நாங்க அம்மாபேட்டையில ஒரு பழைய தறி வீட்ட வாங்கி முடிக்க 14 மாசம் ஆச்சு. அதுலேர்ந்து சொந்தக்காரங்க, வேலை பாக்கிற இடத்துல கூட இருக்கிறவங்க, பஸ்ல பாக்கிறவங்க எல்லாரும் அதே கேள்வியத்தான் கேக்கறாங்க, நானும் அதே பதில சொல்லி சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. நான் வக்கீல் இல்ல, பத்திர எழுத்தரும் இல்ல, ஒரு கொலுசு பட்டறையில கணக்கு எழுதுறேன், அவ்ளோதான். பட்டதையும் கேட்டு தெரிஞ்சுக்கிட்டதையும் எழுதறேன், உங்க பேப்பர ஒரு நல்ல வக்கீல்கிட்ட காட்டாம காசு கொடுக்காதீங்க.

அக்கா, வீடு பிடிச்சிருக்கு, ஒரு மாசத்துல பத்திரம் முடிச்சிடலாம்னு புரோக்கர் சொல்றாரு. நெசமாவே முடியுமா?

முடியும். விக்கிறவரு ஒரே ஆளு, அவரே காசு கொடுத்து வாங்கின சொத்து, பத்திரமும் பட்டாவும் அவர் பேர்லயே இருக்கு, கடன் இல்ல, நீங்களும் லோன் போடல. இவ்வளவும் ஒண்ணா அமைஞ்சா ரெண்டே வாரத்துல கூட முடியும். அப்படி ஒரு வீட்ட எங்க சொந்தத்துல ஒரே ஒருத்தர்தான் வாங்கி பாத்திருக்கேன்.

இதுல ஒண்ணு குறைஞ்சாலும் மாசக்கணக்குதான். லோன்னா ஒன்றரை ரெண்டு மாசம், வாரிசு விஷயம்னா நாலஞ்சு மாசம், பேரு தப்புன்னா அது தனிக்கதை. "ஆயிட்டு இருக்கு"ன்னு யாராவது சொன்னா ஒண்ணே ஒண்ணு கேளுங்க, ஃபைல் இப்ப யாரு கையில இருக்குன்னு. பேங்க் வக்கீல்கிட்டயா, இன்ஜினியர்கிட்டயா, விஏஓகிட்டயா, இல்ல ஓனரோட பீரோவுலயேவா. எங்களுக்கு அஞ்சு மாசம் அது பீரோவுலதான் இருந்துச்சு, நாங்க என்னடான்னா தாலுகா ஆபீஸத் திட்டிக்கிட்டு இருந்தோம்.

பட்டா அவர் பேர்ல இருக்குங்க, ஆன்லைன்லயே வருது. அது போதும்ல?

போதாது. பட்டாங்கிறது வருவாய்த்துறை கணக்குல இந்த நிலம் யாரு பேர்ல ஓடுதுன்னு காட்டுறது. சொத்து எப்படி கைமாறி வந்துச்சுன்னு சொல்றது பத்திரம். ரெண்டும் ஒத்துப்போகணும், அதுக்கும் மேல புலப்படத்துல, அதாவது சர்வே வரைபடத்துல இருக்கிற அளவும் இடத்துல டேப் போட்டு அளந்தா வர்ற அளவும் ஒத்துப்போகணும். சேலம் டவுனுக்குள்ள டவுன் சர்வே கணக்கு வேற, பழைய பத்திரத்துல பழைய சர்வே நம்பர் இருக்கும், ரெண்டும் ஒரே இடம்தான்னு காட்டுற பேப்பர முதல்லயே வாங்கி வச்சுக்கோங்க. இல்லன்னா பேங்க் வக்கீல் அதுல நிப்பாட்டுவாரு.

அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை மாதிரி பழைய தெருவுல வாங்குறவங்க பொதுச்சுவர் இருக்கான்னு பாருங்க. எங்க வீட்டுல கிழக்கு சுவர் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொது, பத்திரத்துல அதைப்பத்தி ஒரு வார்த்தை இல்ல. இடிச்சு கட்டலாம்னு கணக்கு போட்டு வாங்கினவங்க நாங்க. இப்ப அந்த சுவர்ல ஆணி அடிக்கவே பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட சொல்லிட்டுதான் அடிக்கிறோம்.

இசி, அதான் வில்லங்கச் சான்று, 13 வருஷத்துக்கு போட்டுப் பாத்தேன், வில்லங்கம் இல்லன்னு வந்திருக்கு. தைரியமா அட்வான்ஸ் கொடுக்கலாமா?

30 வருஷத்துக்கு குறையாம போடுங்க, பேங்க்கும் அதைத்தான் கேக்கும். பதிவுத்துறை சைட்ல 1975-லேர்ந்து பாக்கலாம், அதுக்கு முந்தினதுன்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல மனு கொடுத்து தேடச் சொல்லணும்.

முக்கியமான விஷயம், இசியில பதிவான சமாச்சாரம் மட்டும்தான் வரும். பதிவு பண்ணாத உயில் வராது, வாய்வார்த்தையா பாகம் பிரிச்சது வராது, செத்துப்போனவரோட வாரிசுங்க யாருன்னு வராது, கோர்ட்ல கேஸ் நடக்குதுன்னா பல சமயம் அதுவும் வராது, வீட்டுக்குள்ள ஒருத்தர் போக்கியத்துக்கு இருந்தா பத்திரம் போடாத வரைக்கும் அதுவும் வராது. அதனால நேர்ல போங்க, ராத்திரி ஏழு மணிக்கு போங்க, எதுத்த வீட்டு பெரியம்மா திண்ணையில உக்காந்திருப்பாங்க, அவங்ககிட்ட பத்து நிமிஷம் பேசுங்க. எங்க வீட்டு ஓனருக்கு ஒரு மக இருக்குங்கிறதே எங்களுக்கு அப்படித்தான் தெரிஞ்சுது.

அட்வான்ஸ் எவ்ளோ கொடுக்கலாம்? வெள்ளைப் பேப்பர்ல எழுதி ஸ்டாம்ப் ஒட்டி கையெழுத்து வாங்கிட்டா செல்லும்ல?

அந்த வீட்ட விட மனசு வரலன்னா டோக்கன் அட்வான்ஸ்னு ஒரு சின்னத் தொகை, அதுவும் பேங்க் வழியா. பேப்பர் எல்லாம் வக்கீல் பாத்து சரின்னு சொன்னப்புறம் கிரய ஒப்பந்தம் போடுங்க, அதைப் பதிவு பண்ணுங்க. தமிழ்நாட்டுல 2012 டிசம்பர் 1-லேர்ந்து கிரய ஒப்பந்தத்தையும் கண்டிப்பா பதிவு பண்ணணும்னு சட்டம். "அதுக்கு வேற செலவு எதுக்குங்க, நமக்குள்ள என்ன"ன்னு சொல்ற ஓனர்கிட்டதான் பதிவு பண்ணியே ஆகணும். பதிவு பண்ணிட்டா அது இசியிலயும் ஏறிடும், வேற யாராவது வாங்க வந்தாலும் கண்ணுல படும்.

காசா கொடுக்காதீங்க. வீடு நிலம் விஷயத்துல 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா வருமான வரிக்காரங்க அந்தக் காச வாங்கினவர் மேல அதே அளவுக்கு அபராதம் போடலாம், இதை ஓனர்கிட்ட பக்குவமா சொன்னீங்கன்னா அவரே செக்கு கொடுங்கம்பாரு. ஒப்பந்தத்துல எத்தனை நாளுக்குள்ள, என்னென்ன பேப்பர் அவரு தரணும், தரலன்னா அட்வான்ஸ் எப்ப திரும்ப வரும்னு எழுதுங்க. நாங்க "மூணு மாசத்துக்குள்"னு மட்டும் எழுதினோம், லேட்டானது யாராலன்னு எழுதல, அதனால பின்னாடி ஓனர் பையன் எங்களைப் பாத்தே "நீங்கதான் லேட்டு"ன்னு சொன்னாரு.

லோன்தான் 90 பர்சென்ட் தராங்களே, கையில 4 லட்சம் இருந்தா 40 லட்சம் வீடு வாங்கலாமா?

எல்லாரும் விழுற குழி இதுதான். 90 பர்சென்ட்ங்கிறது 30 லட்சம் வரைக்குமான லோனுக்கு. 30-க்கு மேல 75 லட்சம் வரை 80 பர்சென்ட், அதுக்கும் மேல 75 பர்சென்ட், ரிசர்வ் பேங்க் வச்ச எல்லை இது. அதுவும் நீங்க பேசின விலைக்கு இல்ல, பேங்க் இன்ஜினியர் வந்து பாத்து போடுற மதிப்புக்கு. பழைய வீடுன்னா கட்டடத்துக்கு கிட்டத்தட்ட ஒண்ணுமே போடமாட்டாங்க.

கணக்கு போட்டு காட்டறேன். விலை 40 லட்சம். இன்ஜினியர் 34-ன்னு எழுதிட்டாரு. 90 வரை எல்லை இருந்தாலும் பேங்க் அதுல 80 பர்சென்ட்தான் தருதுன்னு வைங்க, 27 லட்சத்து 20 ஆயிரம். மிச்சம் 12 லட்சத்து 80 ஆயிரம் உங்க கையிலேர்ந்து. அதுக்கு மேல பதிவுச் செலவு, முத்திரைத்தீர்வை 7 பர்சென்ட், பதிவுக்கட்டணம் 2 பர்சென்ட், ஆக 9 பர்சென்ட், 40 லட்சத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். இதுக்கு பேங்க் தராது. மொத்தம் 16 லட்சத்து 40 ஆயிரம். இன்னும் புரோக்கர் கமிஷன், எழுத்துக்கூலி, வக்கீல், பேங்க்ல அடமானம் பதியுற செலவு, பால் காய்ச்சுற செலவு எதையும் நான் சேக்கல. எங்க வீட்டுக்காரர் இந்த கணக்க ஒரு பழைய காலண்டர் பின்னாடி போட்டாரு, போட்டுட்டு அரை மணி நேரம் பேசவே இல்ல.

பத்திரத்துல விலைய குறைச்சு எழுதினா மிச்சமாகுமேன்னு கேப்பீங்க. குறைச்சு எழுதினா பேங்க் அந்த விலைக்குத்தான் லோன் தரும், நாளைக்கு நீங்க விக்கும்போது வரியும் கூடும். அரசு வச்சிருக்கிற வழிகாட்டி மதிப்புக்கும் கீழ எழுதினா பத்திரம் முத்திரைத்தாள் துணை கலெக்டருக்கு போயிடும், அது திரும்பி வர்ற காலத்துல நீங்க ஒரு கல்யாணமே முடிச்சிடலாம். வீட்டுப் பொம்பளைங்க பேர்ல வாங்கினா 10 லட்சம் மதிப்பு வரைக்குமான சொத்துக்கு 2025 ஏப்ரல்லேர்ந்து பதிவுக்கட்டணத்துல 1 பர்சென்ட் குறைச்சிருக்காங்க, சின்ன மனை வாங்குறவங்களுக்கு அது உதவும். 50 லட்சமோ அதுக்கு மேலயோ போனா விலையில 1 பர்சென்ட் பிடிச்சு வருமான வரிக்கு நீங்கதான் கட்டணும், ஓனர் வெளிநாட்டுல இருக்கிறவருன்னா பிடிக்கவேண்டியது இன்னும் நிறைய, அப்ப ஆடிட்டர்கிட்ட போயிடுங்க.

பேங்க்ல கேட்டா "லீகலுக்கு போயிருக்கு"ன்னு மூணு வாரமா அதையே சொல்றாங்க. அங்க என்னதான் பண்றாங்க?

பேங்க் வக்கீல் மூலப்பத்திரத்துலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் சொத்து எப்படி கைமாறுச்சுன்னு ஒரு சங்கிலி கட்டிப் பாப்பாரு. ஒரு கண்ணி காணோம்னா அங்கயே நிக்கும். எங்களுக்கு 1987 பத்திரத்தோட ஒரிஜினல் இல்ல, ஜெராக்ஸ்தான் இருந்துச்சு. போலீஸ்ல புகார், பேப்பர்ல விளம்பரம், கண்டுபிடிக்க முடியலன்னு சான்று, அப்புறம் சார்பதிவாளர் ஆபீஸ்ல நகல், இதெல்லாம் ஓனர்தான் செய்யணும். அவங்களுக்கு எழுபது வயசு, பாவம், நாங்கதான் ஆட்டோ வச்சு கூட்டிட்டு போனோம்.

பேங்க்குக்கு போன் பண்ணி "ஆச்சா"ன்னு கேக்காதீங்க. "வக்கீல் என்ன பேப்பர் கேட்டு எழுதியிருக்காரு, அந்த லிஸ்ட்ட அனுப்புங்க"ன்னு கேளுங்க. பாதி நேரம் லிஸ்ட் வந்து ஒரு வாரம் ஆயிருக்கும், நமக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. அட்வான்சுக்கு முன்னாடியே சொந்தமா ஒரு வக்கீல்கிட்ட காட்டியிருந்தா இந்த லிஸ்ட் அப்பவே கிடைச்சிருக்கும், எனக்கு இது லேட்டாதான் உறைச்சுது.

ஓனரோட தங்கச்சி கல்யாணம் ஆகி போயிட்டாங்க, சீர் எல்லாம் செஞ்சாச்சாம். அவங்க கையெழுத்து எதுக்கு?

வேணும். அப்பா சம்பாதிச்ச சொத்து, உயில் எழுதாம போயிட்டாருன்னா இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு, செத்தவரோட அம்மா உயிரோட இருந்தா அவங்களுக்கும் ஒரு பங்கு. பூர்வீக சொத்துலயும் பொண்ணுங்களுக்கு பங்கு உண்டு, தமிழ்நாட்டுல 1989-லயே வந்துச்சு, நாடு முழுக்க 2005-ல. சீர் செஞ்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒண்ணு அவங்களும் கிரயப் பத்திரத்துல கையெழுத்து போடணும், இல்லன்னா முன்னாடியே தன் பங்க விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிஞ்சு கொடுத்திருக்கணும். "எழுதி வாங்கிட்டோம்"னு சொன்னா பதிவு நம்பர கேளுங்க.

எங்க கதையில ஓனரோட மக திருப்பூர்ல. வாரிசுச் சான்றுல செல்வின்னு இருக்கு, ஆதார்ல தமிழ்ச்செல்வின்னு இருக்கு. ரெண்டும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்க ஏழு வாரம். அந்தக்கா போன்ல என்கிட்ட, "எங்கப்பா என்னைய செல்வின்னுதான் கூப்பிடுவாரு, அதையே எழுதிட்டாங்க, நான் என்ன பண்றது"ன்னு சொன்னாங்க, அதுக்கப்புறம் எனக்கும் கோவம் வரல.

ஓனர் மேல பேங்க் கடன் பாக்கி இருக்கு. அந்த வீட்ட விட்டுடலாமா?

விட வேண்டியதில்ல, சொல்லப்போனா பேப்பர ஒரு பேங்க் ஏற்கனவே பாத்திருக்குன்னு ஒரு தெம்பு. ஆனா உங்க காச ஓனர் கையில கொடுத்து "கடன அடைச்சிட்டு வாங்க"ன்னு அனுப்பாதீங்க. பாக்கி எவ்வளவுன்னு அவரோட பேங்க்ல கடிதம் வாங்கச் சொல்லி, நேரா அந்த லோன் கணக்குக்கே கட்டுங்க, அதையும் ஒப்பந்தத்துல எழுதுங்க.

முழுசா கட்டினப்புறம் ஒரிஜினல் பத்திரம் வர்றதுதான் முன்னாடி பெரிய தலைவலி. 2023 டிசம்பர் 1-லேர்ந்து ரிசர்வ் பேங்க் விதிப்படி கடன் முடிஞ்ச 30 நாளைக்குள்ள பத்திரத்த கொடுக்கணும், பேங்க் பக்கம் தப்பால லேட்டானா ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் கடன் வாங்கினவருக்கு தரணும். இதை கிளையில மெதுவா ஞாபகப்படுத்தினாலே போதும். அடமானம் ரத்தானது இசியில ஏறிடுச்சான்னும் பாருங்க.

ஆடி மாசம் பதிவு வேண்டாம்னு மாமியார் ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. தள்ளிப்போட்டா என்ன ஆயிடும்?

எங்க வீட்டுலயும் அதே. ஆடி போகட்டும், கோட்டை மாரியம்மன் பண்டிகை முடியட்டும், குகையில வண்டி வேடிக்கை பாத்துட்டு அப்புறம் பேசிக்கலாம்னாங்க. சாமி விஷயம், நான் வாயத் திறக்கல. ஆனா லோன் சேங்ஷன் லெட்டருக்கு காலாவதி தேதின்னு ஒண்ணு இருக்கு. எங்களோடது ஆடியிலயே முடிஞ்சுபோச்சு, ஆவணியில திரும்ப சம்பள சிலிப், திரும்ப பேங்க் ஸ்டேட்மென்ட், எல்லாம் முதல்லேர்ந்து.

ஆவணி, தை முகூர்த்த நாள்ல கூட்டமும் அப்படித்தான் இருக்கும். ஒரு சார்பதிவாளர் இருக்கிற ஆபீஸுக்கு ஒரு நாளைக்கு 100 டோக்கன்னா நல்ல நாள்ல 150 ஆக்குறாங்க, அப்பவும் பத்தாது. ஆடிப்பெருக்கு ஒரு நல்ல நாள்தான், ஆடி 18-க்கு மாமியார ஒத்துக்க வச்சுப் பாருங்க. பத்து மணிக்கு ராகுகாலம், பதினொண்ணுக்கு டோக்கன், பன்னெண்டுக்கு சர்வர் வேலை செய்யலன்னு ஒரு நாள் போச்சுன்னா அதுக்கு யாரும் பொறுப்பில்ல.

பதிவு அன்னைக்கு என்ன நடக்கும்? பதட்டமா இருக்கு.

முன்னாடி நாளே பத்திர நகல வாங்கி ஒரு எழுத்து விடாம படிங்க, சர்வே நம்பர், நாலு எல்லை, அளவு, பேரு, அப்பா பேரு. எழுத்தர் தப்பா அடிச்சா அப்புறம் பிழைதிருத்தல் பத்திரம் போடணும், அதுக்கும் எல்லாரும் திரும்ப வரணும். ரெண்டு சாட்சி, எல்லாரோட ஒரிஜினல் அடையாள அட்டை, பான் கார்டு.

எங்களுக்கு எல்லாம் சரியா போச்சு, ஓனரம்மா கட்டைவிரல் ரேகை மட்டும் மெஷின்ல விழல. நாப்பது வருஷம் தறி ஓட்டின கை, ரேகையே தேஞ்சுபோச்சு. துடைச்சு வச்சாங்க, விழல. ஈரத்துணியில ஒத்தி வச்சாங்க, விழல. பின்னாடி டோக்கன்ல இருந்தவங்க எல்லாம் எட்டி எட்டி பாக்கறாங்க. யாரோ ஒருத்தர் தலையில கைய தேச்சுட்டு வைங்கம்மான்னாரு, எண்ணெய் தேச்ச தலை, அந்தம்மா விரல தேச்சு வச்சதும் விழுந்துருச்சு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. வயசானவங்க வர்றாங்கன்னா எழுத்தர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.

கட்டடம் இருந்தா அதிகாரிங்க நேர்ல வந்து இடத்தப் பாத்தப்புறம்தான் பத்திரம் கைக்கு வரும், அன்னைக்கே கிடைக்கும்னு கோயிலுக்கு போற வழியில வாங்கிக்கலாம்னு பிளான் போடாதீங்க.

அயோத்தியாப்பட்டணம் பக்கம் மனை ஒண்ணு, அப்ரூவல் இல்லயாம், ஆனா ரெண்டு லட்சம் கம்மி. வாங்கி அப்புறம் அப்ரூவல் போட்டுக்கலாம்ல?

அப்ரூவல் இல்லாத புது மனைய மனையா பதியவே மாட்டாங்க. 2016 செப்டம்பர்ல ஹைகோர்ட் தடை போட்டுச்சு, அப்புறம் 2017-ல அப்ரூவல் இல்லாத மனைய முறைப்படுத்துற வரன்முறை திட்டம் வந்துச்சு, 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி பத்திரம் ஆன மனைங்களுக்கு. அப்ப கிரயம் ஆன மனை அந்த லே-அவுட்ல இருந்து, வரன்முறை ஆணை கையில இருக்குன்னா பேசுங்க. "விவசாய நிலமா பதிஞ்சுக்கலாம், பொதுப்பாதைய விட்டுக்கலாம்"னு யாராவது சொன்னா பேக்க எடுத்துட்டு கிளம்புங்க, லோனும் கிடைக்காது, வீடு கட்ட பிளானும் கிடைக்காது.

விலை ரொம்ப கம்மின்னா கோயில் நிலமான்னும் பாருங்க, வழிகாட்டி மதிப்பு பூஜ்யம்னு போட்டிருந்தா பதிவு நடக்காது. தாழ்த்தப்பட்டவங்களுக்குன்னு அரசு ஒதுக்கின பஞ்சமி நிலமா, நிபந்தனை போட்டு அரசு கொடுத்த நிபந்தனைப் பட்டாவான்னு பழைய கணக்குல பாக்கணும், அந்த நிலத்த மத்தவங்க வாங்கினா செல்லாது.

ஏற்காட்டுல ஒரு சின்ன வீடு, வாரக்கடைசிக்கு. கீழ மாதிரிதான மேலயும்?

இல்ல. மேல வாங்குறது கூட நடந்துரும், கட்டுறதுதான் சிக்கல். ஏற்காடு மலையிடப் பாதுகாப்புக் குழும எல்லைக்குள்ள வருது, ஹாகான்னு சொல்வாங்களே அதுதான், சரிவு, மண்ணு, மரம்னு பல துறைக்கிட்ட கருத்து வாங்கித்தான் அனுமதி. காபி எஸ்டேட்ட துண்டு போட்டு விக்கிறாங்கன்னா இன்னும் ஜாக்கிரதை, தோட்டமா இருக்கிற வரைக்கும்தான் அதுக்கு நில உச்சவரம்புல விலக்கு. மலைவாழ் மக்களுக்கு அரசு கொடுத்த நிலமான்னும் பாக்கணும், போன பதில்ல சொன்ன நிபந்தனைப் பட்டா கதைதான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கி அலையுறதுக்கு வாரக்கடைசிக்கு ரூம் போட்டுக்கலாம்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு.

பில்டர் போன தீபாவளிக்கு சாவி தரேன்னாரு, இந்த தீபாவளியும் போச்சு. வாடகையும் இஎம்ஐயும் சேந்து கட்ட முடியல.

இதுல எனக்கு சொந்த அனுபவம் இல்ல, என் தம்பி பட்டது. 500 சதுர மீட்டருக்கு மேல நிலமோ எட்டு வீட்டுக்கு மேலயோ இருந்தா ரெரா, அதாவது பில்டர்ங்களக் கண்காணிக்கிற அரசு அமைப்புல பதிவு கட்டாயம். அந்தப் பதிவுல முடிக்கிற தேதி போட்டிருக்கும், அதுதான் கணக்கு, பில்டர் வாய்ல சொன்ன தீபாவளி இல்ல. தேதி தாண்டினா வேண்டாம்னு காச வட்டியோட திரும்ப கேக்கலாம், இல்ல இருந்துக்கிட்டே லேட்டான ஒவ்வொரு மாசத்துக்கும் வட்டி கேக்கலாம். ஒப்பந்தம் பதியாம 10 பர்சென்ட்டுக்கு மேல வாங்கவும் கூடாது.

என் தம்பி புகார் எழுதி நகல பில்டருக்கு காட்டினப்புறம்தான் லிப்ட் வேலையே ஆரம்பிச்சாங்க. எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல, மெயில்ல கேளுங்க, போன்ல பேசினது காத்தோட போயிடும்.

ஒப்பந்தம் போட்டாச்சு, இப்ப பக்கத்து வீடு கூட விலைக்கு போச்சுன்னு ஓனர் அஞ்சு லட்சம் சேத்து கேக்கறாரு. என்ன பண்ணலாம்?

பதிவு பண்ண ஒப்பந்தம்னா நீங்க பயப்பட வேண்டாம். நான் காசோட ரெடியா இருக்கேன், வந்து கிரயம் பண்ணிக்கொடுங்கன்னு வக்கீல் நோட்டீஸ் கெடு முடியறதுக்குள்ளயே அனுப்புங்க. கோர்ட்டுக்கு போனாலும் முதல்ல கேக்கிறது உங்ககிட்ட காசு ரெடியா இருந்துச்சாங்கிறதுதான், அதனால சேங்ஷன் லெட்டர், பேங்க் இருப்பு எல்லாத்தையும் எடுத்து வைங்க. ஒப்பந்தத்துல போட்ட தேதியிலேர்ந்து மூணு வருஷத்துக்குள்ள வழக்கு போடணும்.

ஆனா கேஸ்னா வருஷக்கணக்கு. நியாயம் உங்க பக்கம் இருந்தாலும் ஒரு லட்சம் சேத்து கொடுத்து முடிச்சவங்கள எனக்கு தெரியும், அவங்கள ஏமாளின்னு நான் சொல்லமாட்டேன்.

பதிவு முடிஞ்சுது, பால் காய்ச்சியாச்சு. இனிமே ஒண்ணும் இல்லல்ல?

பட்டா மாறணும். முழு சர்வே நம்பரும் அப்படியே கைமாறினா பதிவோடயே தானா மாற வாய்ப்பு இருக்கு, பாகம் பிரிச்சு வாங்கினா சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு போடணும், அது அவரு வர்றதப் பொறுத்து. மாநகராட்சியில சொத்து வரி பேர் மாத்தணும், உங்க வீடு சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டின்னு நாலு மண்டலத்துல எதுல வருதோ அந்த ஆபீஸ். ஓனரோட பழைய வரி பாக்கிய கிரயத்துக்கு முன்னாடியே கட்ட வைங்க, தண்ணி வரியும் சேத்து.

அப்புறம் இபி. எங்க வீட்டுல வரி மாறிடுச்சு, பட்டா போன மாசம் வந்துச்சு, இபி மட்டும் இன்னும் மாத்தல, ஒவ்வொரு வாட்டியும் ஏதோ ஒரு பேப்பர மறந்துட்டு போறோம். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஓனரம்மா வீட்டுக்காரர் பேர்லதான் பில் வருது, அவரு போய் ஒம்பது வருஷமாச்சு.